கொசுக்கடியின் மீதிப் பிரதிகள்

நியூ ஜெர்சியின் ராரிட்டன் ஆற்றங்கரைச் சேற்றில் பிறந்து வளர்ந்த கொசு ஒன்று, ஐசலினில் ஒரு வளைகாப்புக்குள் புகுந்து, மாமி ஒருத்தியின் கையிலிருந்த இரட்டை வடத் தங்க வளையலைக் கழற்றிக்கொண்டு, டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டோல் கட்டாமல் டெலவேர் வரைக்கும் பறந்துவிட்டது. இதை முதன்முதலில் சொன்னவர் ஜம்புநாதன். அவர் சொல்வதில் பாதிக்குப் பாதி தள்ளிவிட்டுத்தான் கேட்கவேண்டும். தள்ளின பிறகும் கையில் ஒரு கொசுவாவது மிஞ்சும். மிஞ்சிய அந்தக் கொசுவின் பெயரைத்தான் தன் சிரிப்புப் பத்திரிகைக்கு வைத்தார்: கொசுக்கடி.

மற்றபடி ஜம்புநாதன் ஊரறிந்த பெரிய மனிதர் ஒன்றும் இல்லை. டெலிபோன் கம்பெனி ஒன்றில் எஞ்சினியராகச் சேர்ந்தார். கம்பெனி விற்கப்பட்டது, பெயர் மாறியது, மறுபடி விற்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் வாசலில் போர்டு மாறியதே தவிர ஜம்புநாதனின் நாற்காலி மாறவில்லை. அந்த நாற்காலியிலேயே தலை நரைத்தபின், ஒரு கேக்கை வெட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மனைவி பர்வதம், கலிபோர்னியாவில் மில்பிடாஸில் ஒரு மகள் அஞ்சனா, ஓக் ட்ரீ ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன வீடு. இவ்வளவுதான் அவர் சொத்து. கொசுக்கடியைச் சொத்தில் சேர்க்கப் பர்வதம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

ஒரு காலத்தில் கொசுக்கடி கடித்தால் ஊரே சொறிந்துகொண்டது. அப்போது வாட்ஸப் இல்லை. தமிழ் எழுத்தைப் பார்த்தால் மளிகைப் பையில் இருந்தாலும் எடுத்துப் படிக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒருமுறை, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்குக்கு உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் தயிர்சாதம் கொண்டுவந்துவிட்டு, திரும்பும்போது அண்டா நிறையப் பிசிபேளா கட்டிக்கொண்டு போகும் ஒரு மாமியைப் படம் போட்டார். பெயர் இல்லை, ஊர் இல்லை. மறுநாள் காலை நியூ ஜெர்சியின் நாலு மூலையிலிருந்தும் மாமிகள் போன் செய்து, "அது நான்தானே? தைரியம் இருந்தா ஒத்துக்கோங்க!" என்று கிழித்தார்கள். யாரை மனதில் வைத்துப் போட்டாரோ அந்த மாமி மட்டும் போன் செய்யவில்லை. கோவிலில் பார்த்து, "நன்னா உறைக்கிற மாதிரி போட்டேள், இப்படியும் சிலது இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் பிரசாதத்தில் இரண்டாவது தொன்னைக்கு வரிசையில் நின்றாள்.

இன்னொரு முறை, பொங்கல் விழாவில் மைக்கை விடாத சங்கத் தலைவரை, மைக்கோடு சேர்த்து ஆம்புலன்ஸில் ஏற்றுவதுபோல வரைந்தார். சங்கம் இரண்டாக உடைந்தது. அடுத்த வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே நாளில், பக்கத்துப் பக்கத்து ஹாலில் இரண்டு பொங்கல். ஒரு ஹாலில் "அனைவருக்கும் வணக்கம்" என்றால் இன்னொரு ஹாலில் கைதட்டினார்கள். ஜம்புநாதன் இரண்டு ஹாலுக்கும் நடுவில் வராந்தாவில் நின்றுகொண்டு, பிள்ளை பெற்றவள் மாதிரி பூரித்துப்போயிருந்தார். பர்வதத்துக்கு இரண்டு ஹாலிலும் நாற்காலி கிடைக்கவில்லை.

அதெல்லாம் போயிற்று. கோபப்பட்டவர்களில் பாதிப்பேர் போய்ச்சேர்ந்தார்கள். மீதிப்பேர் பிள்ளைகளோடு டெக்சாஸுக்குக் குடிபோனார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சிரிப்பு போனிலேயே வந்துவிடுகிறது. அதைக்கூட முழுதாகப் பார்க்க நேரமில்லாமல் கட்டைவிரலால் தள்ளிவிடுகிறார்கள். கொசுக்கடி மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வந்தது. ஓக் ட்ரீ ரோட்டில் ஜலஜாவின் மளிகைக் கடையில், கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ரேக். வேண்டுபவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். வேண்டுபவர்கள்தான் இல்லை.

ஒருநாள் ஜம்புநாதன் கடைக்குப் போனபோது ரேக் பாதி காலியாக இருந்தது. மனசு துள்ளியது. ஒரு நிமிஷம்தான். கடையின் கோடியில் ஒழுகிக்கொண்டிருந்த ஃப்ரீசருக்கு அடியில் அவருடைய அட்டைப்படக் கொசு தண்ணீர் குடித்து ஊதிப்போய்க் கிடந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க அங்கிள்," என்றாள் ஜலஜா. "பேப்பர் டவல்லாம் ட்ரை பண்ணிட்டேன். உங்க புக்கு மாதிரி எதுவும் உறிஞ்ச மாட்டேங்குது."

"படிச்சியாம்மா?"

"ஐயோ, எனக்கு எங்க அங்கிள் டைம்? அம்மா வந்தா படிப்பாங்க. அம்மாவுக்கு விசா ரிஜெக்ட் ஆயிடுச்சு."

அன்று வீட்டில் பர்வதம் வாதத்தை ஆரம்பிக்கக்கூட இல்லை, முடித்தே வைத்தாள். அவளுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன, பனியில் இன்னொரு வருஷம் தாங்காது. மில்பிடாஸில் அஞ்சனா கீழ்த்தள அறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"யாருக்காக இங்க உக்காந்துண்டு இருக்கீங்க? அந்தக் கொசுவுக்கா?"

"இன்னும் ஒரு இஷ்யூ. ஒரே ஒரு ஆள், பர்வதம். ஒரே ஒருத்தர் போன் பண்ணி நாலு வார்த்தை திட்டட்டும், நான் இங்கயே இருப்பேன். திட்டலேன்னா நானே பெட்டி கட்டறேன். சத்தியம்."

"நான் திட்டறது கணக்குல வராதா?"

"நீ படிக்காமலே திட்டறியே."

பர்வதம் சத்தியத்தை வாங்கிக்கொண்டாள். தன் புருஷனைத் திட்டுவதற்குக்கூட இந்த ஊரில் இனி ஆள் கிடையாது என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஹலீனா இருந்தாள். போலந்துக்காரர்களின் மகள், பிறந்து வளர்ந்தது பக்கத்து ஊரான பெர்த் அம்பாயில். பல் டாக்டர் ஒருவரிடம் முன்வாசல் மேஜையில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து, வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களையெல்லாம் அதட்டி உள்ளே அனுப்பியவள். கல்யாணம் கிடையாது. எண்பதைத் தாண்டியும் உதட்டுச்சாயம் இல்லாமல் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட மாட்டாள். ஜம்புநாதன் அவளுடைய குப்பைத் தொட்டியை வாரா வாரம் உள்ளே இழுத்து வைப்பார். அவரை அவள் கூப்பிடுவது மிஸ்டர் ஜம்போ என்று. அந்தத் தெருவில் அவளோடு நின்று பேசும் ஆள் அவர் ஒருவர்தான்.

ஊறிப்போன கொசுக்கடிக் கட்டு ஒன்றை அவர் வேலியில் உலர்த்தப் போட்டிருந்ததைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். சிரிப்புப் பத்திரிகை என்றார். கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டாள்.

"எங்க அப்பாவும் ஒண்ணு நடத்தினார்!"

ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆனால் நம்ம ஊர்க் கல்யாணச் சத்திரத்தில் பந்தி முடிந்து உட்கார்ந்தவள் மாதிரி சொன்னாள். அந்தக் காலத்தில் போலந்துக்காரர்கள் கப்பலேறி வந்து சுரங்கத்திலும் கசாப்புத் தொழிற்சாலையிலும் உலைக்களத்திலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஒரு சர்ச், ஒரு சாசேஜ் இறைச்சிக் கடை, ஒரு சவப்பெட்டிக் கடை மூன்றும் ஓர் ஊரில் சேர்ந்துவிட்டால் நாலாவதாக ஒரு சிரிப்புப் பத்திரிகை முளைத்துவிடும். ஆறு மாதம் உயிரோடு இருக்கும், ஏழாம் மாதம் செத்துப்போகும், எட்டாம் மாதம் வேறு பெயரில் அடுத்த தெருவில் பிறக்கும். அதில் வருகிறவர்களும் எல்லா ஊரிலும் ஒரே ஆட்கள்தான்: பூசை நடுவில் தூங்கி ஆர்கன் மேல் விழும் வாத்தியக்காரர், தராசில் இறைச்சியோடு கட்டைவிரலையும் சேர்த்து நிறுக்கும் கசாப்புக்காரர், பகல் ஷிஃப்ட்காரனுக்கும் நைட் ஷிஃப்ட்காரனுக்கும் ஒரே கட்டிலை வாடகைக்கு விட்டுப் போர்வை ஆறுவதற்குள் ஆளை மாற்றும் விடுதிக்காரி, நேற்று இறங்கி இன்று அமெரிக்கனாகிவிட்ட மைனர்.

ஹலீனாவின் அப்பா லுட்விக் பகலில் செம்பு உருக்கும் ஆலையில் வேலை பார்த்தார். பொழுது சாய்ந்தால் சமையலறை மேஜையில் பத்திரிகை. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ரப்பர் பூட்ஸ் போட்ட சேவல்'.

"ஓடித்தா?" என்றார் ஜம்புநாதன்.

"ஓடித்தாவா! ஞாயித்துக்கிழமை பூசை முடியறதுக்குள்ள கடை கடையா காலி. எப்படின்னு நினைக்கறீங்க? யாரைக் கிண்டல் பண்றாரோ அந்த ஆளே ஓடிவந்து எல்லாக் காப்பியையும் வாங்கிடுவான். வேற யாரும் படிச்சிடக் கூடாதுன்னு! அதனால அப்பா மாசா மாசம் ஊர்லயே பெரிய பணக்காரனாப் பாத்துக் கிண்டல் பண்ணுவார். ஒரு மாசம் கசாப்புக்காரன், ஒரு மாசம் சவப்பெட்டிக் கடைக்காரன். ஒரு தடவை பேங்க்காரனைப் போட்டார், அன்னிக்குக் காலை பத்து மணிக்கே காலி."

"அப்ப பத்திரிகையை யாருமே படிக்கலியா?"

"அதுதான் வெற்றி, மிஸ்டர் ஜம்போ! அவ்வளவு பயம்!"

ஜம்புநாதன் அன்று சாப்பிடும்போது ரசத்தில் மோரை ஊற்றிக்கொண்டார். இத்தனை வருஷமாகத் தான் செய்துவந்த தப்பு இன்னதென்று பட்டுவிட்டது: தயிர்சாத மாமிகளையும் தவில் வாசிக்கத் தெரியாத மாமாக்களையும் கடித்து என்ன பயன்? கடித்தால் ரத்தம் இருக்கிற இடத்தில் கடிக்கவேண்டும்.

ரத்தம் இருந்த இடம் ரஞ்சித்குமார். வீடு விற்கும் தரகர், சங்கத்தின் இப்போதைய தலைவர். ஐசலின் ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் அவர் முகத்தின் மேல்தான் உட்காரவேண்டும், விளம்பரம் அங்கேதான். தீபாவளி இதழ் முழுவதும் அவரே. ஊர்க்காரன் ஒருவனுக்கு அவர் கேராஜை மட்டும் தனியாக விற்கிறார், பிறகு நாய்க்கூண்டை விற்கிறார், கடைசியில் கோவிலுக்குப் போய்க் கர்ப்பக்கிரகத்தைப் பார்த்து "ஒன் பெட்ரூம், நல்ல லொகேஷன், ஓனர் ரொம்ப வருஷமா காலி பண்ண மாட்டேங்கறார்" என்கிறார். தன் கைக்கே இப்படி ஒரு கூர்மை இன்னும் இருக்கிறதா என்று ஜம்புநாதன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

இதழ் வந்த மறுநாள் போன் வந்தது. ரஞ்சித்குமார்! பர்வதத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள்! சூப்பர் அங்கிள்! என் மூஞ்சிய அப்படியே பிடிச்சிட்டீங்களே!"

"படிச்சேளா?"

"எனக்குத் தமிழ் படிக்க வராதே அங்கிள், நான் படிச்சதெல்லாம் நாக்பூர். வைஃபும் ஹிந்தி மீடியம். ஆனா படம் பாத்தேன். இன்ஸ்டால போட்டாச்சு. செம லைக்ஸ்! இதையே டீ-ஷர்ட்ல பிரிண்ட் பண்ணி அடுத்த கர்பா டான்ஸ் நைட்டுக்கு டிஸ்ட்ரிப்யூட் பண்ணலாம்னு பாக்கறேன். பர்மிஷன் தருவீங்கல்ல? அப்புறம் ஆன்ட்டி சொன்னாங்க, வீட்டை விக்கற ஐடியா இருக்காமே? என்கிட்ட சொல்லுங்க அங்கிள், டூ வீக்ஸ்ல முடிச்சுத் தரேன்."

பர்வதம் எழுந்து உள்ளே போனாள். சிரிப்பை அடக்கப் போனாளோ, முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் போனாளோ.

ஜம்புநாதன் வேலிக்குப் போய் ஹலீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நீங்க சொன்ன வித்தை பலிக்கல. திட்டினா டீ-ஷர்ட் போடறான். அவ்வளவுதான். வீட்டை விக்கறோம். பொண்ணு வீட்டுக்குப் போயிடறோம்."

ஹலீனா தக்காளிச் செடியில் வாடின இலை ஒன்றைக் கிள்ளினாள். பச்சையாக இருந்த இன்னொரு இலையையும் கிள்ளினாள். "கலிபோர்னியா ரொம்ப தூரம்," என்றாள்.

அதற்கடுத்த வாரம் ஜலஜா போன் செய்தாள். "அங்கிள், புக்கு எல்லாம் காலி!"

"மறுபடி ஃப்ரீசர் ஒழுகறதா?"

"இல்ல அங்கிள், ஃப்ரீசரை மாத்தியாச்சு. ரேக் காலி. யாரோ மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டாங்க. சனிக்கிழமை கூட்டத்துல யாருன்னு பாக்கல."

ஜம்புநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரஞ்சித்குமார்! சிரித்ததெல்லாம் நடிப்பு! யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள், கர்ப்பக்கிரகம் சுருக்கென்று குத்தியிருக்கிறது, வெளியே சிரித்துவிட்டு ஆளை அனுப்பி அள்ளியிருக்கிறான்! பர்வதத்தின் முன்னால் போய் நின்றார்.

"நான் எங்கயும் வரல."

"போன்ல யாரும் திட்டலையே."

"இது திட்டுக்கு மேல. இது பயம்."

சத்தியம் செய்த மனுஷன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லும்போது பர்வதம் என்ன செய்வாள்? அஞ்சனாவுக்குப் போன் செய்து, "உங்கப்பாவுக்குப் பயந்து ஊரே ஒளிஞ்சுண்டிருக்காம்" என்றாள். முழங்காலுக்கு இன்னொரு தைல பாட்டில் வாங்கிக்கொண்டாள். அந்தக் குளிர் மார்கழிக் குளிர் இல்லை, மலையேறின ஆட்டுக்குக் கொம்பு உறைந்து உதிர்கிற குளிர். பர்வதம் மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாள். ஜம்புநாதன் மேலே பொங்கல் இதழை வரைந்துகொண்டிருந்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அச்சடித்தார். நகைக்கடைக்காரர், கோவில் டிரஸ்டி, அரங்கேற்றத்துக்கு ஹெலிகாப்டர் வைத்த டாக்டர், ஒருவரையும் விடவில்லை. அதுவும் ஒரே சனிக்கிழமையில் காலி. ஜம்புநாதன் ஓக் ட்ரீ ரோட்டில் நடந்து போகும்போது நகைக்கடை வாசலில் யாராவது தலையைத் திருப்பினாலும், "பாத்தியா, கண்ணைப் பாக்க முடியல" என்பார். தலையைத் திருப்பியவர் பார்க்கிங் தேடிக்கொண்டிருப்பார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் பெரிய பனி. குப்பை வண்டி வந்து போனதும் ஜம்புநாதன் வழக்கம்போல ஹலீனாவின் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார். அவள் கேராஜ் கதவு அடியில் பனிக்கட்டி சிக்கி, முழங்கால் உயரத்துக்கு மூடாமல் நின்றது. உள்ளே பனி அடிக்குமே என்று குனிந்து, கதவை மேலே தூக்கிவிட்டு, மறுபடி இறக்கப் போனார்.

உள்ளே ஒரு பழங்காலத்துக் குழந்தை வண்டி. பெரிய சக்கரம், கறுப்புத் துணிக் கூரை. குழந்தை இருக்கவேண்டிய இடத்தில் கொசுக்கடி, பொங்கல் இதழ். சுவர் ஓரமாகத் தீபாவளி இதழ். அச்சகத்தில் கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. அதற்குப் பின்னால், கூரை முட்டும் வரைக்கும், பழுத்து மஞ்சளாகிப்போன வேறு கட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் பூட்ஸ் போட்ட சேவல் ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கயிறுகளும் அவிழ்க்கப்படவில்லை.

ஹலீனா வீட்டுக்குள்ளிருந்து கேராஜுக்கு வரும் கதவில் வந்து நின்றாள். உதட்டில் சாயம் இல்லை.

"கதவை மூடிட்டு வாங்க, குளிருது," என்றாள்.

ஜம்புநாதன் வண்டியைத் தொட்டார். "நீங்களா?"

"நீங்க போயிட்டா இந்தத் தெருவுல எனக்கு யாரு இருக்கா? கார்ல கொண்டுவந்து, இந்த வண்டியில வெச்சு உள்ள தள்ளினேன். ரெண்டாவது தடவை நீங்க ஜாஸ்தி அச்சடிச்சுட்டீங்க. முதுகு போயிடுச்சு."

"அப்ப உங்க அப்பாவோட பத்திரிகையை... அந்தக் கசாப்புக்காரன், பேங்க்காரன்..."

ஹலீனா கவிழ்த்து வைத்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "கசாப்புக்காரன் கையில கொடுத்தாலும் சாசேஜ் சுத்தத்தான் எடுத்துப்பான். யாரும் வாங்கல, மிஸ்டர் ஜம்போ. ஒருத்தரும். எங்க அம்மா ஸோஃபியாதான் வாங்கினா. ஆபீஸ் தரையெல்லாம் துடைச்ச காசுல. நான் கூடப் போவேன். தம்பியை இந்த வண்டியில உக்கார வெச்சு, அடியில பத்திரிகை. மேல மேல அடுக்க அடுக்கத் தம்பி உயரமா ஆயிண்டே போவான். தெருவுல எல்லாரும், ஸோஃபியா உன் பிள்ளை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் வளரறானேம்பாங்க."

ஜம்புநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்பா போகும்போது என்ன சொன்னார் தெரியுமா? 'இந்த ஊர்ல எனக்குப் பயப்படாத பணக்காரன் ஒருத்தன் இல்ல, ஸோஃபியா'ன்னார். நிம்மதியாக் கண்ணை மூடினார். அம்மா யார்கிட்டயும் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. உங்ககிட்டதான் இப்பச் சொன்னேன்."

ஜம்புநாதன் கதவை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். பர்வதம் சோபாவில் முழங்காலில் ஹீட்டிங் பேடை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சித்குமாருக்குப் போன் பண்ணு," என்றார். "வீட்டை வித்துடலாம்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதுதான் ஆச்சு."

ரஞ்சித்குமார் சொன்னபடி இரண்டே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். வீட்டைப் பார்க்க வந்தவர்களிடம் மாடியறையைக் காட்டி, "இங்கதான் பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் இருந்தார்" என்று சொல்லி விலையைக்கூடக் கொஞ்சம் ஏற்றினார். கேட்டவர்கள், அந்த ஆர்ட்டிஸ்ட் போனபிறகு பெயின்ட் அடித்துத் தருவீர்களா என்று மட்டும் கேட்டார்கள்.

பெட்டி கட்டும்போதும் ஜம்புநாதனின் கை சும்மா இருக்கவில்லை. கண்ணை மூடினால் அந்த வண்டிதான். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு படம் அவருக்குள் தானாக வந்து உட்கார்ந்ததில்லை. ஒரே ஒரு தாள். பெரிய சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு தலைக்குட்டை கட்டிய ஒரு பெண். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. வண்டியில் மாடிவீட்டு உயரத்துக்குப் பத்திரிகைக் கட்டு. அதன் உச்சியில் வாயில் ரப்பர் நிப்பிளோடு ஒரு குழந்தை, மேகத்துக்குள் தலை முட்ட. தெருக்கோடியில் மார்பை நிமிர்த்தி மீசையை முறுக்கிக்கொண்டு லுட்விக், காலில் ரப்பர் பூட்ஸோடு. அவரைப் பார்த்து ஒரு நாய்கூடத் திரும்பவில்லை. எழுத்து ஒன்று வேண்டியிருக்கவில்லை. மேலே கொசுக்கடி என்று மட்டும் போட்டு, வழக்கம்போலக் கீழே இதழ் எண்ணும் போட்டார். கை பழக்கத்தில் போட்டுவிட்டது.

பர்வதம் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதை அவகிட்ட குடுக்கப் போறீங்களா?"

"போறதுக்கு முன்னாடி பரிசு. என்ன, நன்னாயில்லையா?"

"நன்னாத்தான் இருக்கு. அதான் வேண்டாங்கறேன்."

கேட்டுக்கொள்கிற மனுஷனாக இருந்தால் அவர் பத்திரிகையே நடத்தியிருக்க மாட்டார். டாக்ஸி வருவதற்கு முன்னால் ஹலீனாவின் வாசல் மணியை அடித்தார். அவள் அவருக்காக ஏதோ கேக் செய்துவைத்திருந்தாள். வாசல் வரைக்கும் வெண்ணெய் மணத்தது. தாளைக் கையில் கொடுத்துவிட்டு, மேடையில் நிற்கும் பிள்ளை மாதிரி ஜம்புநாதன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹலீனா முதலில் குழந்தையைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் பிரிந்தது. பிறகு தலைக்குட்டையைப் பார்த்தாள். பிறகு தெருக்கோடியில் நின்றவரைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறிக்கொண்டே வந்து, காது நுனியில் போய் நின்றது.

"இதுக்காகவா உங்ககிட்டச் சொன்னேன்?"

"ஹலீனா, இது..."

"எங்க அப்பா சாகற வரைக்கும் ஒருத்தரும் அவரைப் பாத்துச் சிரிச்சதில்ல. அம்மா விடல." அவள் விரல் தாளின் மேல் ஊர்ந்தது. இதழ் எண்ணின் மேல் வந்து நின்றது. "இது எந்த நம்பர்? எத்தனை காப்பி அச்சடிச்சீங்க?"

ஒன்று. உண்மையான பதில் அவ்வளவுதான். இதோ இது ஒன்றுதான், உனக்காக வரைந்தது, வேண்டாமென்றால் அடுப்பில் போட்டுவிடு என்று சொன்னால் தீர்ந்தது. சொல்லத்தான் ஜம்புநாதன் வாயைத் திறந்தார். ஆனால் இப்படி ஒரு முகத்தை அவர் பார்த்து எத்தனையோ வருஷமாயிற்று. கண்ணில் நெருப்பு, கையில் கொசுக்கடி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற பதைப்பு. ஆயுசு முழுக்க அவர் கேட்டு நின்ற முகம் வாசல் நிலையில் வந்து நிற்கிறது. அந்த முகத்தைப் பார்த்து 'ஒன்றுதான்' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"நிறைய," என்றார். "ஓக் ட்ரீ ரோடு முழுக்க."

ஹலீனா கதவைச் சாத்தினாள். அறையவில்லை, பல் டாக்டரின் வாசலில் நேரம் முடிந்தபிறகு வந்தவர்களுக்குச் சாத்துவதுபோல, மெதுவாக, தாழ் விழும் சத்தம் கேட்கும்படி சாத்தினாள்.

டாக்ஸியில் பர்வதம், "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"கோவிச்சுண்டா," என்றார் ஜம்புநாதன். முகத்தில் என்னவோ ஒரு வெளிச்சம் வந்து, டர்ன்பைக் ஏறுவதற்குள் அணைந்துவிட்டது. ஏர்போர்ட்டில் இறங்கியதும் அவளுக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மில்பிடாஸிலிருந்து செய்தார். மறுநாள், அதற்கடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்துச் செய்தார். செய்தி விடச் சொல்லும் இயந்திரத்திடம், "ஒண்ணுதான், ஹலீனா, ஒரே ஒரு காப்பிதான்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் இயந்திரமும் நிறைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டது.

மில்பிடாஸில் பனி இல்லை. பர்வதத்தின் முழங்கால் படியேறியது. கொசுவும் இல்லை. பேத்தி அதிதி அவர் வரைவதைப் பார்த்து, "நைஸ், தாத்தா" என்பாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். ஜம்புநாதன் வரைவதை விட்டுவிட்டார். பின்கட்டில் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே இருப்பவர்கள் யார் என்று அஞ்சனாவுக்கே தெரியாது.

ஒருநாள் ஜலஜாவின் போன் வந்தது.

"அங்கிள், நல்லா இருக்கீங்களா? கொசுக்கடி அடுத்தது எப்ப வரும்?"

ஜம்புநாதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஏம்மா? யாராவது கேக்கறாளா?"

"வாராவாரம் கேக்கறாங்க அங்கிள். உங்க பக்கத்து வீட்டு வெள்ளைக்கார ஆன்ட்டிதான். சனிக்கிழமையானா டாண்ணு வந்துடறாங்க. ரேக்கைப் பாக்கறாங்க. கறிவேப்பிலைப் பெட்டியைத் தூக்கிப் பாக்கறாங்க. ஃப்ரீசருக்கு அடியில குனிஞ்சு பாக்கறாங்க. பக்கத்துக் கடைங்கள்லயும் பாக்கறாங்களாம். இந்தக் குளிர்ல, அந்த முதுகை வெச்சுக்கிட்டு, குழந்தை வண்டி ஒண்ணைத் தள்ளிக்கிட்டு. மீதி எங்கன்னு கேக்கறாங்க. என்ன மீதின்னே எனக்குப் புரியல."

"மீதி கிடையாதுன்னு சொல்லும்மா. ஒண்ணுதான் போட்டேன்னு நான் சொன்னதாச் சொல்லு."

"மீதி கிடையாதுன்னு சொன்னேனே அங்கிள்." ஜலஜா யாருக்கோ சில்லறை கொடுக்கும் சத்தம் கேட்டது. "நம்ப மாட்டேங்கறாங்க. அடுத்த சனிக்கிழமை வரேன்னு சொல்லிட்டுப் போறாங்க."